சாணைக்கல் தின்றவை

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் செய்யப்பட்ட மடக்குச் சவரக்கத்தி இன்று பழம்பொருள் சந்தைக்கு வரும்போது பெரும்பாலும் துருவேறியே வருகிறது. கூர்விளிம்பில் சிறு உடைப்பு, அலகில் அரிப்புக் குழிகள், காம்பில் பாதி அழிந்த முத்திரை. அதை மீண்டும் முகம் மழிக்கத் தக்கதாக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, துருவை மட்டும் மெல்ல நீக்கிக் கல்லிலும் தோல்வாரிலும் தீட்டுவது. மற்றது, சுழலும் சாணைக்கல்லில் பிடித்துப் பழுதுபட்ட எஃகைக் கழித்துப் புது வடிவம் கொடுப்பது. இரண்டாவது வழியில் கத்தி புதிதுபோல் பளபளக்கும். ஆனால் அங்கே கழிக்கப்படுவது எஃகு மட்டும்தானா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சவரக்கத்தியின் அமைப்பில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. தீட்டுகல்லின்மேல் படுக்கவைக்கும்போது அதன் முதுகும் கூர்விளிம்பும் ஒருங்கே கல்லைத் தொடுகின்றன. ஆகவே கூரின் கோணத்தைத் தீர்மானிப்பது தீட்டுபவரின் கையன்று. முதுகின் தடிமனும் அலகின் அகலமுமே. அகலம் 20 மில்லிமீட்டர், முதுகு 5.5 மில்லிமீட்டர் எனில் கோணம் ஏறத்தாழ 16 பாகை. உடைந்த விளிம்பை நீக்குவதற்காக அகலத்தை 17 மில்லிமீட்டராகக் குறைத்தால் அது 18 பாகையைத் தாண்டிவிடும். அதைச் சரிசெய்ய முதுகையும் தேய்க்க நேரும். ஒரு குறையைத் திருத்த மற்றொரு பகுதியை இழக்கும் கணக்கு இது. வெப்பம் மற்றோர் எதிரி. மெல்லிய விளிம்பு சாணையில் நீலம் பாரித்தால், அது ஏறத்தாழ 300 பாகை செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று பொருள். நீலத்தைத் துடைத்துவிடலாம்; மீண்டும் உலையிலிட்டாலன்றிப் போன பதம் திரும்பாது.

மறுசாணை புதிய வழக்கமன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஷெஃபீல்டுக் கத்திகள் பெரும்பாலும் ஆப்பு வடிவில் கனமாக இருந்தன. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜெர்மனியில் வுப்பர் ஆற்றையொட்டிய சோலிங்கன் நகரின் சாணைக்காரர்கள் சிறிய விட்டமுள்ள கற்களால் அலகின் இருபுறத்தையும் ஆழமாகக் குழித்தனர். கல் சிறுக்கச் சிறுக்கக் குழிவு ஆழமாகும். மெலிந்த அவ்வலகைத் தீட்டுவது எளிது. சந்தை அதன் பக்கம் சாய்ந்தது. பழைய ஆப்புக் கத்திகள் சில மறுபடி சாணைக்குப் போய் உட்குழிந்து திரும்பின. ஒரே கத்தியின் முத்திரை ஒரு காலத்தையும் அலகு வேறொரு காலத்தையும் காட்டுவது இதனால்தான். மகுடத்துடன் வி.ஆர். என்ற எழுத்துகள் இருந்தால் அது 1837இல் தொடங்கிய விக்டோரியா ஆட்சியைச் சேர்ந்தது. நாட்டின் பெயர் இருந்தால், இறக்குமதிப் பொருள்களில் அதைக் கட்டாயமாக்கிய அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டத்துக்குப் பிந்தியதாக இருக்க வாய்ப்பு மிகுதி. மெருகு சற்றே மிகுந்தாலும் இந்தச் சான்றுகள் மறைந்துவிடும்.

எஃகுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1740களில் கடிகாரம் செய்பவரான பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன், ஷெஃபீல்டு அருகே மூசையில் எஃகை உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். மூசையில் எஃகு ஆக்குவது தென்னிந்தியாவில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய கலை. ஐரோப்பியர் அந்த எஃகை வூட்ஸ் என்றனர். கன்னடத்தின் உக்கு, நம் உருக்கு ஆகியவற்றோடு உறவுடைய சொல் அது. லண்டனில் சவரக்கத்திகளும் அறுவைக் கருவிகளும் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட், ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட வூட்ஸே மேல் என்று தம் கடையின் விளம்பர அட்டையிலேயே அச்சிட்டிருந்தார். அவரும் மைக்கேல் ஃபாரடேவும் வூட்ஸை ஆராய்ந்து, எஃகோடு பிற உலோகங்களைக் கலந்து பார்த்த ஆய்வுகள் 1820இலும் 1822இலும் வெளியாயின. தம் எஃகில் செய்த சவரக்கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசளித்தார்.

எஃகை ஆக்கியவர்களின் பெயர்கள் இவ்வாறு நிலைத்துவிட்டன. அதற்கு வடிவம் கொடுத்தவர்களின் கதை வேறு. ஷெஃபீல்டின் சாணைக்காரர் சேணம் போன்ற இருக்கையில் கால்பரப்பி அமர்ந்து, சுழலும் மணற்கல்லின்மீது குனிந்தே நாளைக் கழித்தார். கல்தூளும் எஃகுத்தூளும் அவர் நுரையீரலில் படிந்தன. சாணைக்காரர் இளைப்பு என்றே அந்நோய்க்குப் பெயர். ஷெஃபீல்டு மருத்துவர் நைட்டின் குறிப்புகளைக் கொண்டு ஃபிரெடரிக் ஏங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட நூலில், உலர்ந்த கல்லில் வேலை செய்வோரின் சராசரி ஆயுள் 35 ஆண்டுகள்கூட இல்லை, ஈரக்கல்லில் செய்வோர் 45ஐத் தாண்டுவது அரிது என்கிறார். சவரக்கத்தி சாணைக்காரர்கள் இருவகைக் கற்களிலும் வேலை செய்தனர். தூசியை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்புகள் அன்றே வந்துவிட்டன. ஆனால் தொழிலாளர்களே சில இடங்களில் அவற்றை உடைத்தனர் என்றும் ஏங்கெல்ஸ் எழுதுகிறார். ஆபத்துக் குறைந்தால் தொழிலுக்கு ஆள் பெருகும், கூலி இறங்கும் என்பது அவர்கள் அச்சம். ஆயுளைக் கொடுத்துக் கூலியைக் காத்துக்கொண்ட மனிதர்கள் அவர்கள்.

மணற்கல்லின் இடத்தைச் செயற்கைச் சாணைக்கற்கள் பிடித்துவிட்ட இன்று, மீட்புப் பணி செய்பவர் முகமூடி அணிந்து நிதானமாக வேலை செய்யலாம். விளிம்பே உடைந்துபோன கத்திக்கு மறுசாணை உயிர் கொடுக்கிறது. மழிப்பதற்காகவே செய்யப்பட்ட பொருள் மழிக்கட்டும். ஆனால் கூரைத் தொடாத குழிகளையும் கறைகளையும் கண்ணாடிப் பளபளப்புக்காகக் கழிப்பது வேறு. காம்பின் முத்திரையில் இருப்பது தொழிலகத்தின் பெயர். சாணைக்காரரின் பெயர் அதில் இருப்பதில்லை. அவர் கையெழுத்தாக எஞ்சியிருப்பது அலகின் வளைவு ஒன்றே. மறுசாணை கழிப்பது அதைத்தான்.