குழி பதினான்கு, கணக்கு பல

ஓர் ஆட்டத்தில் கைதேர்ந்தவர் அதே சாயலுள்ள இன்னோர் ஆட்டத்துக்குப் போனதும் ஏன் தடுமாறுகிறார்? இணையத்தில் வேடம் பூண்டு பலர் கூடி ஆடும் ஆட்டங்கள் பெருகிவிட்ட இந்நாளில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. ஓர் ஆட்டத்தில் வில்லாளியாகவோ வைத்தியராகவோ ஆண்டுக்கணக்கில் பேர் வாங்கியவர் வேறொன்றுக்கு மாறுகிறார். அங்கும் வாள் உண்டு, மந்திரம் உண்டு, கூட்டாகப் போய்ப் பெரிய பகையை வீழ்த்தும் வேலை உண்டு. எந்த விசையை எப்போது அழுத்துவது என்பது பத்து நாளில் பழகிவிடுகிறது. ஆனாலும் கூட்டத்தில் அவரால் ஒட்ட முடிவதில்லை. புதியவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளோ பெரும்பாலும் விசைகளையும் ஆயுதங்களையும் பற்றியவை. அறிவுரை தவறான இடத்தில் விழுகிறது என்பது என் எண்ணம். காய் எப்படி நகர்கிறது என்பதை யாரும் கற்றுக்கொள்ளலாம்; விளைந்தது யாருக்குச் சேரும் என்பதில்தான் ஆட்டத்துக்கு ஆட்டம் வேறுபாடு. இதைக் காட்டக் கணினியைவிட நல்ல சான்று தாமிரபரணிப் பக்கத்து வீடுகளில் கிடந்த பல்லாங்குழிப் பலகை.

அந்தப் பலகையைப் பற்றி எழுதியவர்களில் இருவர் இந்த மண்ணின் ஆட்கள். ஒருவர் 1902-இல் சங்கரநயினார்கோயிலில் பிறந்த தேவநேயப் பாவாணர். இன்னொருவர் பாளையங்கோட்டைத் தொ. பரமசிவன். பாவாணர் சொல்லின் வேரைப் பிடித்தார்: பதினான்கு குழி என்பது பன்னான்கு குழியாகி, பன்னாங்குழியாகி, பல்லாங்குழியாயிற்று என்றார். தமிழ்நாட்டு விளையாட்டுகளைப் பற்றித் தனி நூலே எழுதிய அவர் செய்த பெரிய உதவி, ஒரே பெயருள்ள விளையாட்டுகூடப் பாண்டி நாட்டில் ஒரு விதமாகவும் பிற நாடுகளில் வேறு விதமாகவும் ஆடப்பட்டதைப் பிரித்துப் பதிந்ததுதான். விளையாட்டு நூல் எழுதுகிறவர்கள் பலர் 'சரியான' விதி ஒன்றைத் தேடிப்பிடித்து மற்றவற்றைத் தள்ளிவிடுவார்கள். தள்ளப்படுவதில்தான் வரலாறு இருக்கிறது.

பலகை எளியது. இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி. மரத்தில் செய்தது, பித்தளையில் வார்த்தது, நடுவில் மடக்கி மூடும்படி மீன் வடிவில் செதுக்கியது எனப் பல வகை. வசதியில்லாத இடத்தில் மண்ணில் பதினான்கு குழி தோண்டிப் புளியங்கொட்டையை இட்டால் ஆட்டம் தயார். குழிக்கு ஐந்தாக இட்டால் 70 காய். ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்தது வெறுங்குழியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்ததில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு குழி தொடர்ந்து வெறுமையாக இருந்தால் ஒன்றும் கிடையாது, எதிராளி ஆடுவார். இதுவரை தமிழகத்தில் எங்கும் பெரிய மாற்றம் இல்லை. ஒரு குழந்தைக்கு அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

மாற்றம் தொடங்குவது காய் சேரும் இடத்தில். ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது 'பசு'. பசு யாருக்கு? குழிக்காரிக்கே என்பது ஒரு முறை. யார் போட்டு நான்கானதோ அவளுக்கே என்பது இன்னொரு முறை. கேட்பதற்குச் சின்ன வேறுபாடு. ஆட்டத்தின் குணமே இதில் மாறிவிடுகிறது. முதல் முறையில் எதிராளி என் குழியில் காய் போடுவது எனக்கு வரவு. நான் காத்திருந்தால் போதும், அவள் கை ஓடுகிற வேகத்தில் என் வீட்டுக்குப் பசு வந்து சேரும். இரண்டாவது முறையில் நிலத்துக்கு உரிமை இல்லை, உழைத்த கைக்குத்தான் உரிமை. எங்கே மூன்று காய் கிடக்கிறது என்று கண் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். காசி என்னும் ஆட்டவகையில் வரிசையின் நடுக்குழி சேமிப்புக் குழியாகத் தனி மதிப்புப் பெறுகிறது. கட்டுப் பாண்டி, எதிர்ப் பாண்டி, ராஜா பாண்டி என்று பெயர்கள் நீள்கின்றன. (பாண்டி என்ற சொல்லே சில ஊர்களில் கட்டம் கீறிச் சில்லு எறிந்து நொண்டும் ஆட்டத்தைக் குறிக்கும், பெயரை நம்பி உட்கார்ந்தவர் எழுந்து நொண்ட வேண்டியதுதான்.) இத்தனை ஆட்டங்களும் ஒரே பலகையில், ஒரே காய்களைக் கொண்டு, ஏறக்குறைய ஒரே கையசைவில் நடப்பவை. பலகையைப் பார்த்து ஆட்டம் தெரியும் என்று நினைப்பவர் ஏமாறுவது இங்கேதான்.

இப்படி ஆட்டம் மாறி ஏமாறும் வாய்ப்பு இந்தப் பகுதியில் யாருக்கு அதிகம் இருந்தது? கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு. வசதியுள்ள குடும்பங்களில் பல்லாங்குழிப் பலகை சீர்ப் பொருள்களில் ஒன்றாகப் பெண்ணோடு போயிற்று. பலகை பிறந்த வீட்டினுடையது, முறை புகுந்த வீட்டினுடையது. அம்பாசமுத்திரத்துப் பெண் ஸ்ரீவைகுண்டத்தில் வாழ்க்கைப்படும்போது, தன் பலகையில் தன் புளியங்கொட்டையை வைத்துத் தான் அறியாத ஆட்டத்தை ஆட நேரலாம். "மதினி, எங்க வீட்டுல இது குழிக்காரிக்குத்தான்" என்ற ஒரு வாக்கியத்தில் எவ்வளவோ அடங்கியிருக்கிறது. அவள் காய் போடுவதில் குறை இல்லை. உரிமை எது, உழைப்பு எது, பொது எது என்று இந்த வீடு எப்படிப் பிரிக்கிறது என்பதுதான் அவளுக்குப் புதிது. அடுக்களையிலும் அவள் படிக்க வேண்டியிருந்த பாடம் அதுவே.

பங்கீட்டு முறை ஊருக்கு ஊர் மாறும் என்பது ஆற்றோரத்து மக்களுக்கு அதிசயமும் இல்லை. தாமிரபரணியில் கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். கடைசியான ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. மற்றவை அதற்கு முந்தியவை. ஓடுவது ஒரே ஆறு, கார், பிசானம் என்ற இரு போகத்துக்கும் பாய்வது ஒரே தண்ணீர். ஆனால் மேல்மடைக்காரர் கணக்கும் கடைமடைக்காரர் கணக்கும் ஒன்றல்ல. கடைமடையில் நிலம் வாங்குகிறவர் மண்வெட்டி பிடிக்கும் விதத்தையா விசாரிப்பார்?

பல்லாங்குழியைப் பங்கீட்டின் கதையாக அழுத்தமாகப் படித்தவர் தொ. பரமசிவன். 1997-இல் வந்த 'அறியப்படாத தமிழகம்' நூலில் அவர் வைத்த கருத்து இது: இருவரும் சம எண்ணிக்கையில் காய் வைத்துக்கொண்டு தொடங்குகிறார்கள், ஆட்டம் போகப்போக ஒருவர் கை நிறைய, மற்றவர் கை வறள்கிறது, சமமாக இருந்த கூட்டம் உடைந்து தனிச்சொத்து பிறந்த வரலாற்றின் தடம் இதில் இருக்கிறது. தோற்றவர் அடுத்த சுற்றில் எல்லாக் குழிகளையும் நிரப்ப முடியாமல், சில குழிகளை ஆட்டத்திலிருந்து விலக்கிவிட்டு ஆட வேண்டியிருப்பதை நினைத்தால் அவர் சொல்வதன் கூர்மை விளங்கும். கடனில் நிலம் போனவன் மிச்சத்தில் பயிர் செய்வது போலத்தான் அது. அவர் கருத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பல்லாங்குழியை ஒரே ஆட்டமாக எடுத்துக்கொள்கிறது. பசு குழிக்காரிக்கா, போட்டவளுக்கா என்ற வேறுபாட்டையும் சேர்த்துப் பார்த்தால் பலகை ஒரே வரலாற்றைச் சொல்வதாகத் தோன்றவில்லை. சொத்து எப்படிப் பிறக்கிறது என்பதற்கு மக்கள் வைத்திருந்த பல விடைகள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் புழங்கியதாகவே தோன்றுகிறது. தொ.ப. கண்ட சமனின்மை எல்லா முறைகளிலும் உண்டு. அதற்கு ஒவ்வொரு வீடும் சொன்ன நியாயம் வேறு.

ஒரு மறுப்பு எழலாம். பல்லாங்குழியில் வேடம் ஏது? வேடம் பூண்டு ஆடும் ஆட்டத்துக்கு இதை எப்படிச் சான்றாக்குவது? வேட ஆட்டம்தான் வேண்டுமென்றால் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானுக்குப் போகலாம். கடைசல் பட்டறையில் மரத்தைக் கடைந்து, அரக்கு வண்ணம் ஏற்றிச் செய்யும் குட்டி அடுப்பு, அம்மி, உரல், குடம், திருகை. அவற்றைப் பரப்பி உட்கார்ந்ததும் ஒருத்தி அம்மா, ஒருத்தி விருந்தாளி, இன்னொருத்தி சண்டைக்காரப் பக்கத்து வீட்டுக்காரி. ஆனால் அங்கும் சச்சரவு எதில் வருகிறது? அம்மா வேடத்தை எப்படி நடிப்பது என்பதில் வருவதில்லை. யார் அம்மாவாவது, பொங்கிய மணல்சோற்றை யார் பரிமாறுவது, யாருக்கு எத்தனை கரண்டி என்பதில்தான் வருகிறது. வேடமும் ஒரு பங்குதான். பல்லாங்குழியிலும் பெயரளவில் வேடம் உண்டு. அசோகவனத்துச் சீதை தனிமையில் ஆடியதாகச் சொல்லி ஒருவரே ஆடும் சீதைப் பாண்டி அப்படிப்பட்டது. அதில் பங்குக்கு ஆள் இல்லை, அதனால் வழக்கும் இல்லை.

கடல் தாண்டினால் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. இலங்கையில் ஒலிந்த கெலிய, மலேயாவில் சொங்காக், ஆப்பிரிக்காவில் எத்தனையோ. சொங்காக் பலகையில் குழி வரிசைகளுக்கு அப்பால் இரு முனையிலும் ஒவ்வொரு பெரிய குழி இருக்கிறது. சுற்றி வரும்போது தன் முனைக் குழியிலும் ஒரு காய் போட்டுப் போக வேண்டும். சேமிப்பு என்பது அங்கே பலகையிலேயே செதுக்கப்பட்டுவிட்டது. நம் பலகையில் வென்ற காய் மடிக்குப் போகிறது. எதிராளிக்குத் தொகை தெரியாது. பழக்கத்தில் முனைக் குழியைத் தாண்டிப் போகிற நம்மூர்க்காரர் ஒவ்வொரு சுற்றிலும் தமக்கு வர வேண்டிய ஒரு காயை இழப்பார். ஏன் தோற்கிறோம் என்பது அவருக்குச் சீக்கிரம் பிடிபடாது. கை சரியாகத்தான் ஓடுகிறதே!

இணையத்துக்கு வருவோம். 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் எழுதத் தொடங்கிய 'மட்' என்ற எழுத்துவழி ஆட்டம் இந்த வகையின் மூதாதை. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் பார்ட்டில், ஆட வருகிறவர்கள் நான்கு வகை என்று 1996-இல் எழுதினார்: சாதிக்க வருகிறவர், சுற்றிப் பார்க்க வருகிறவர், பழக வருகிறவர், பிறரை வீழ்த்த வருகிறவர். புகழ்பெற்ற பகுப்பு. ஆனால் அது ஆளின் குணத்தைப் பற்றியது. ஊரின் வழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்லாது. எனக்கு முக்கியமாகப் படுவது 1999-இல் வந்த எவர்க்வெஸ்ட் ஆட்டத்தில் நடந்தது. பல பேர் மணிக்கணக்கில் போராடி ஒரு டிராகனை வீழ்த்துவார்கள். கிடைக்கும் நல்ல பொருள்களோ ஓரிரண்டு. யாருக்கு? கணினி இதற்கு நியாயம் சொல்லவில்லை. ஆடியவர்களே டிகேபி என்றொரு புள்ளிக் கணக்கை ஏற்படுத்தினார்கள்: வந்து உழைத்த ஒவ்வொரு முறைக்கும் புள்ளி, பொருள் வேண்டுமென்றால் சேர்ந்த புள்ளியைச் செலவழிக்க வேண்டும். ஆட்டத்துக்கு வெளியே, ஆடுகிறவர்கள் தாமே எழுதி வைத்துக்கொண்ட கணக்கு அது. 2004-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்து, நாற்பது பேர் கூடிப் போரிடத் தொடங்கியபோது இந்தக் கணக்கு ஒவ்வொரு குழுவிலும் ஒவ்வொரு விதமாகக் கிளைத்தது. சில குழுக்களில் புள்ளி, சில இடங்களில் தலைவர் வைத்ததே சட்டம், சில இடங்களில் பகடை.

'விதியைக் கணினியே காக்கும்போது வீட்டு வழக்கத்துக்கு என்ன இடம்?' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கணினி காப்பது காய் போடும் விதியை. பின்னாளில் சில ஆட்டங்கள் பங்கீட்டையும் கணினியிடமே ஒப்படைத்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பொருள் விழும்படி செய்துவிட்டன. சண்டை குறைந்தது உண்மை. அதோடு, சேர்ந்து ஆடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் குறைந்தது. இதை நான் ஆதாயம் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

ஆகவே ஆட்டம் மாறுகிறவருக்கு அறிவுரை வேண்டுமென்றால், புகுந்த வீட்டில் முதல் சுற்றில் அந்தப் பெண் செய்திருக்கக் கூடியதைச் சொல்லலாம். தன் காயை அள்ளும் முன் இரண்டு பேர் ஆடுவதைப் பார்ப்பது. பசு விழும்போது யார் கை நீள்கிறது என்று கவனிப்பது. பிறந்த வீட்டு முறையில் வென்ற காய்களைப் பற்றி வாய் திறக்காதிருப்பது. பழைய ஆட்டத்தில் எட்டிய படிநிலை புதிய இடத்தில் செல்லாத காசு. ஆனால் பங்கு எங்கே பிரிகிறது என்று பார்க்கக் கற்ற கண் எங்கும் செல்லும். பல முறைகளை ஆடிப் பார்த்தவருக்கே அந்தக் கண் வாய்க்கிறது. ஒரே முறையில் நாற்பது ஆண்டு ஆடியவருக்கு வாய்க்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

இன்று பல்லாங்குழியும் கைபேசிச் செயலியாகிவிட்டது. செயலியை எழுதுகிறவர் ஏதேனும் ஒரு முறையைத் தேர்ந்தே ஆக வேண்டும். பசுவைக் குழிக்காரிக்குக் கொடுக்கும்படி எழுதிவிட்டால், போட்டவளுக்கே என்று ஆடிப் பழகிய பாட்டி அதில் எதிராளியின் குழியில் நான்காவது காயை இட்டதும், நான்கும் சத்தமில்லாமல் எதிர்ப்பக்கம் போய்விடும். எங்கள் வீட்டில் அப்படி இல்லை என்று சொல்ல எதிரே ஆள் இருக்காது.