ஊரா, காலனியா?

திண்டுக்கல்லில் டூ பெட்ரூம் வீடு தேடி அலைந்த நம் தோழர்களுக்கு இந்தப் பேச்சு மனப்பாடம். "எந்த ஊரு தம்பி?" "நிலக்கோட்டைப் பக்கம்ங்க." "ஊருக்குள்ளயா, காலனியா?" அத்தோடு அட்வான்ஸ் பேச்சு நின்றுவிடும். "வீட்டுல கேட்டுட்டு சொல்றேன்" என்பார்கள். போர்டு மட்டும் இரண்டு மாதம் அதே கேட்டில் தொங்கும். வடக்கில் பெயருக்குப் பின்னால் சாதி நிற்கிறது. நம்மிடம் தெருவின் பெயர் அந்த வேலையைச் செய்கிறது.

இதற்கு நூறாண்டு வரலாறு உண்டு. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போனார் அண்ணல் அம்பேத்கர். இந்து விடுதியில் இடம் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். பார்சி விடுதி ஒன்றில், பார்சிப் பெயரில், நாளுக்கு ஒன்றரை ரூபாய்க்குத் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் மாடியேறி வந்தது. மாலைக்குள் காலி செய்யச் சொன்னது. இந்து நண்பரிடம் கேட்டார். நீங்கள் வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் அவர். கிறிஸ்தவ நண்பரோ மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். (அதே வசனம்தான், பாருங்கள்.) பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 4, எந்தப் பகுதியிலும் குடியிருப்பதைத் தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம் என்கிறது. ஆறு மாதம் வரை சிறை. ஆனால் வீட்டுக்காரர் சாதி என்ற சொல்லை உச்சரிப்பதே இல்லை. "நாங்க சைவம்" என்றால் வழக்கு எங்கே நிற்கும்? 2005இல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்கம் தன் மதத்தவரை மட்டும் உறுப்பினராக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் ஒப்பந்தம், பதிவு எல்லாம் பேசுகிறது. சாதி பார்த்து மறுப்பதைப் பற்றி மூச்சு விடவில்லை.

சுகதேவ் தோரட் குழுவினர் டெல்லி வட்டாரத்தில் ஒரே வீட்டுக்கு வெவ்வேறு பெயர்களில் ஆட்களைப் பேசவைத்துப் பார்த்து, முடிவை 2015இல் வெளியிட்டார்கள். திண்டுக்கல்லில் நாமும் அதைச் செய்யலாம். "வீடு இல்லை" என்றதும், அதே எண்ணுக்கு ஊர்த்தெருத் தோழர் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். தேதியையும் நேரத்தையும் சொன்ன வார்த்தையையும் எழுதி வையுங்கள்.