கடைவீதி – 17: கண்ணாடி வைத்த கோழிக்கடை

சென்ற வாரம் 1977-ல் கொகோ கோலா இந்தியாவை விட்டுப் போன கதையைப் பார்த்தோம். மங்களூரில் பிறந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில்துறை மந்திரியாக இருந்து அனுப்பி வைத்த விருந்தாளி அது. பதினெட்டு ஆண்டு கழித்து, அதே கர்நாடகத்தின் தலைநகரில் இன்னொரு அமெரிக்கக் கம்பெனி கடை போட்டது.

1995 ஜூனில், பெங்களூரு பிரிகேட் ரோட்டில் கே.எஃப்.சி. திறந்தார்கள். இந்தியாவிலேயே அவர்களுக்கு அதுதான் முதல் கடை. பெரிய கண்ணாடி முகப்பு, ஏ.சி., வாசலில் ஆட்டுத்தாடி வைத்த கர்னல் தாத்தா. அந்தக் கம்பெனி அப்போது பெப்சிகோவின் கையில் இருந்தது. டெல்லியையும் பம்பாயையும் விட்டுவிட்டு இங்கே வந்ததற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். கன்டோன்மென்ட் பக்கத்தில் கோழியும் கேக்கும் புதிதல்ல. பிரிகேட் ரோட்டைச் சுற்றி பப் கலாசாரம் வேர் பிடித்திருந்தது. மாதம் பிறந்தால் கம்ப்யூட்டர் கம்பெனிச் சம்பளம் வாங்குகிற இளைஞர் கூட்டம் ஒன்றும் உருவாகிக்கொண்டிருந்தது.

முதலமைச்சர் நாற்காலியில் எச்.டி. தேவ கவுடா. விவசாயியின் பிள்ளை என்றே அரசியலில் அறியப்பட்டவர். அவருக்கு எதிரே நின்றவர் இன்னொரு விவசாயத் தலைவர். எம்.டி. நஞ்சுண்டசாமி, 1936-ல் பிறந்தவர், சட்டப் பேராசிரியர், லோகியா வழி சோஷலிஸ்ட். கர்நாடகத்தில் ‘ப்ரொஃபஸர்’ என்றால் அந்த நாளில் இவர்தான். 1980-ல் தொடங்கிய கர்நாடக ராஜ்ய ரைத சங்கத்தின் தலைவர். பச்சைச் சால்வை போட்ட ஆட்கள் ஒரு தாலுகா ஆபீசுக்குள் நுழைந்தால் தாசில்தார் எழுந்து நிற்பார் என்று சொல்லும் அளவுக்கு அந்தச் சங்கம் வளர்ந்திருந்தது.

பேராசிரியரின் வாதம் கோழி சுவையாக இருக்கிறதா இல்லையா என்பது பற்றியதல்ல. மனிதன் சாப்பிட வேண்டிய தானியம் பண்ணைக் கோழிக்குத் தீவனமாகப் போகும், நிலம் அதற்கேற்ப மாறும், சிறு விவசாயி காணாமல் போவான் என்றார். கூடவே உடம்புக்குக் கேடு என்கிற வாதமும். முதல் வாதம் கனமானது, ஆனால் அதை வைத்து ஒரு கடையைப் பூட்ட முடியாது. இரண்டாவதை வைத்துப் பூட்டலாம். மாநகராட்சி அதைத்தான் பிடித்துக்கொண்டது.

அந்தச் செப்டம்பரில் பெங்களூரு கார்ப்பரேஷன் கடையின் லைசென்ஸை ரத்து செய்தது. குற்றச்சாட்டு அஜினமோட்டோ. உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் விதிப்படி அது 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது; பரிசோதனையில் 2.8 சதவீதம் வந்தது என்றார்கள். கம்பெனி ஹைகோர்ட்டுக்கு ஓடி ஸ்டே வாங்கிக் கடையைத் திறந்தது. அதே நகரத்தில் எந்த சைனீஸ் ஹோட்டலுக்குள்ளாவது இதே அளவுகோலோடு அதிகாரிகள் நுழைந்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. டெல்லியில் நடந்தது இன்னும் வேடிக்கை. அங்கே திறந்த கடையின் சமையல்கூடத்தில் ஈ பறந்தது என்று சொல்லிப் பூட்டினார்கள். தலைநகரின் மற்ற ஹோட்டல்களில் ஈ பறக்காததுபோல!

1996 ஜனவரி 30. காந்தி கொல்லப்பட்ட நாள். சுமார் நூறு பேர் பிரிகேட் ரோட்டுக் கடைக்குள் புகுந்தார்கள். கண்ணாடி, மேஜை, நாற்காலி என்று கையில் அகப்பட்டதெல்லாம் உடைந்தது. பொருளை உடைப்பது வன்முறை ஆகாது, மனிதரைத் தொடாதவரை அது அகிம்சைதான் என்பது பேராசிரியரின் நிலைப்பாடு. காந்தி நினைவு நாளில் இந்த விளக்கத்தை எத்தனை காந்தியர்கள் ஏற்றுக்கொண்டிருப்பார்களோ. போலீஸ் கைது செய்தது. கடை பழுது பார்க்கப்பட்டு மறுபடி திறந்தது. நடந்தது உலகப் பத்திரிகைகளில் செய்தியானது.

கடை தாக்கப்பட்டபோது முதலமைச்சராக இருந்த தேவ கவுடா, அந்த ஜூன் 1-ம் தேதி பிரதமரானார். அதே 1996-ல் பெப்சிகோவின் இன்னொரு பிள்ளையான பீட்சா ஹட்டும் இந்தியாவில் முதல் கடையை பெங்களூரிலேயே திறந்தது.

பேராசிரியரின் பெயர் இன்றும் கோழிக்கடையோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. அது அவருக்கு நியாயம் செய்யாது. பிரிகேட் ரோட்டிலிருந்து பொடிநடையாகப் போகிற தூரத்தில் செயின்ட் மார்க்ஸ் ரோடு. 1992 டிசம்பர் 29-ம் தேதி அங்கே இருந்த கார்கில் விதைக் கம்பெனி ஆபீசுக்குள் இதே சங்கத்து ஆட்கள் புகுந்து, ஃபைல்களை வெளியே எறிந்து தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அடுத்த ஜூலையில் பெல்லாரியில் கார்கிலின் விதை ஆலை தாக்கப்பட்டது. கார்கில் அமெரிக்காவில் ஒரு குடும்பத்தின் சொத்து. பங்குச் சந்தைக்கே வராத ராட்சசக் கம்பெனி. தானிய வியாபாரத்தில் உலகையே அளக்கிற அதன் பெயர், அதன் கோதுமையைத் தின்பவர்களுக்கே தெரியாது. 1993 அக்டோபர் 2-ல் பெங்களூரில் லட்சக்கணக்கான விவசாயிகள் திரண்டது உலக வர்த்தகப் பேச்சில் வந்த டங்கல் திட்டத்தையும் விதைக் காப்புரிமையையும் எதிர்த்து.

அதாவது அவர் முதலில் குறிவைத்தது விதையை. கடைக்கு வந்தது பிறகுதான். ஆனால் விதைக் கம்பெனிக்கு ஒரு மாடி ஆபீசும் நான்கு பீரோவும் போதும். படம் பிடிக்க அதில் என்ன இருக்கிறது? கோழிக்கடைக்குத்தான் கண்ணாடி முகப்பு இருந்தது. பேராசிரியருக்குப் பத்திரிகைகளின் பசி தெரியும். என் கணிப்பில், கே.எஃப்.சி. அவருடைய யுத்தத்தின் விளம்பரப் பலகை.

இதே ஊருக்கு 1985-லேயே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்து மில்லர்ஸ் ரோட்டில் சோனா டவர்ஸ் கட்டடத்தில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் வழியாக அமெரிக்காவுக்கு வேலை அனுப்பிக்கொண்டிருந்தது. அதன்மேல் யாரும் கல் எறியவில்லை. அமெரிக்காவிலிருந்து கம்ப்யூட்டர் சிப் வரட்டும், உருளைக்கிழங்கு சிப்ஸ் வேண்டாம் என்று பா.ஜ.க. அந்த ஆண்டுகளில் கோஷம் போட்டது. பெங்களூரு அந்தக் கோஷத்தை வாழ்ந்தே காட்டியது. பிறகு இரண்டும் ஒரே கட்டடத்துக்குள் வந்து சேர்ந்ததுதான் இந்த அத்தியாயத்தின் மீதிக் கதை.

சட்டத்தை ஒரு எட்டு பார்த்துவிடலாம். ஹோட்டல் நடத்த வெளிநாட்டுக்காரருக்குத் தடையில்லை. ஆனால் 2012 வரை நம்ம மளிகைக்கடை போல பல கம்பெனிச் சரக்கையும் வைத்து நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்கக் கூடாது என்று இருந்தது. மொத்த வியாபாரம் செய்யலாம். உலகின் மிகப் பெரிய கடைக்காரரான வால்மார்ட் அதனால்தான் 2007-ல் பாரதி குழுமத்தோடு கைகோத்து, 2009-ல் அமிர்தசரஸில் மொத்த விற்பனைக் கிடங்கு ஒன்றைத் திறந்தது. உள்ளே போக வியாபாரி என்கிற அட்டை வேண்டும்.

2011 நவம்பரில் மன்மோகன் சிங் அமைச்சரவை சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டுக்கு அனுமதி தந்தது. இரண்டு வாரத்தில் நிறுத்தி வைத்தது. 2012 செப்டம்பரில் மறுபடி கொண்டுவந்தது; மம்தா பானர்ஜி கூட்டணியை முறித்துக்கொண்டு போனார். தமிழ்நாட்டில் ஜெயலலிதா முடியாது என்றார், வெள்ளையன், விக்கிரமராஜா என்று வணிகர் சங்கத் தலைவர்கள் கடையடைப்பு நடத்தினார்கள், எதிர்ப்பு பேசிய தி.மு.க. டிசம்பர் 5-ல் லோக்சபாவில் அரசோடு வாக்களித்தது. 253-க்கு 218 என்று அரசு பிழைத்தது. இந்தியச் சந்தை உட்படப் பல விஷயங்களுக்காக 2008 முதல் சுமார் 2.5 கோடி டாலர் செலவழித்து வாஷிங்டனில் ஆதரவு திரட்டியதாக வால்மார்ட்டே அமெரிக்க செனட்டில் கணக்குக் கொடுத்திருந்தது அதே மாதத்தில் வெளிவந்து, நாடாளுமன்றம் அமளியானது. அமெரிக்காவில் இது சட்டப்படி கணக்குக் காட்டிச் செய்கிற தொழில். இங்கே அதற்கு லஞ்சம் என்கிற ஒரே பெயர்தான் புழக்கத்தில் இருந்தது. ஒரு நீதிபதியை வைத்து விசாரித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

கடைசியில் வால்மார்ட் அந்த 51 சதவீத வாய்ப்பைப் பயன்படுத்தவே இல்லை. நிபந்தனைகள் அத்தனை. 2013 அக்டோபரில் பாரதியோடும் உறவை முறித்துக்கொண்டது.

ஆனால் பெங்களூரில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 2005-ல் டார்கெட் இங்கே வந்தது. அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு பேர் போன சிவப்பு வட்டம் போட்ட அங்காடி. இந்தியாவில் அதற்கு ஒரு கடைகூடக் கிடையாது. ஆனாலும் மான்யதா டெக் பார்க்கில் ஆயிரக்கணக்கானவர்கள் அதற்கு வேலை செய்கிறார்கள். எந்தக் கடையில் எந்தச் சரக்கு எத்தனை இருக்க வேண்டும், விலை எவ்வளவு, இணையத்தில் ஆர்டர் வந்தால் எந்தக் கிடங்கிலிருந்து போக வேண்டும் என்பதெல்லாம் இங்கே எழுதுகிற மென்பொருளோடு பின்னியிருக்கிறது. ஆணியும் பெயிண்டும் விற்கிற லோஸ் வந்தது. வால்மார்ட்டின் தொழில்நுட்பப் பிரிவும் வந்தது. அது போதாதென்று, நம் ஆலைகளின் துணிமணிகளை வாங்கிக் கப்பலேற்றும் அலுவலகத்தையும் வால்மார்ட் பெங்களூரில் வைத்திருந்தது. விற்கத்தான் தடையும் நிபந்தனையும். வாங்குவதற்கும் கணக்குப் பார்ப்பதற்கும் யார் தடுத்தார்கள்?

பேராசிரியர் 2004 பிப்ரவரியில் காலமானார். இதில் எதையும் அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எங்கே போய்க் கல் எறிவது?

2007 அக்டோபரில், பெங்களூரு அமேசான் ஆபீசில் வேலை பார்த்து வெளியே வந்த இரண்டு ஐ.ஐ.டி. இளைஞர்கள், சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும், கோரமங்களாவில் ஒரு ஃபிளாட்டில் ஃபிளிப்கார்ட்டைத் தொடங்கினார்கள். இருவரும் சண்டிகர்க்காரர்கள், உறவினர்கள் அல்லர். முதலில் புத்தகம் மட்டும் விற்றார்கள். 2010-ல் பொருள் கைக்கு வந்தபின் காசு கொடு என்கிற வழி வந்தது. அதன்பிறகுதான் கிரெடிட் கார்டு இல்லாத இந்தியா உள்ளே வந்தது. நியூயார்க்கின் டைகர் குளோபல் பணம் போட்டது. தாய்க் கம்பெனி சிங்கப்பூரில் பதிவானது. 2014 ஜூலையில் ஃபிளிப்கார்ட் நூறு கோடி டாலர் திரட்டியதாக அறிவித்தது. மறுநாளே அமேசான் இந்தியாவில் இருநூறு கோடி டாலர் போடுவதாகச் சொன்னது. செப்டம்பரில் ஜெஃப் பெசோஸ் பெங்களூருக்கு நேரில் வந்து, அலங்கரித்த லாரியின் மேல் ஏறி நின்று, ஆளுயரக் காசோலையைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். அந்த லாரி காலியாகத்தான் நின்றிருக்கும். ஏற்ற வேண்டிய சரக்கு அமேசானுக்குச் சொந்தமில்லை. சட்டப்படி அது சந்தை மட்டும் நடத்தலாம், சரக்கு வைத்து விற்கக் கூடாது.

சட்டம் அப்படிச் சொன்னதால், சரக்கு வைத்து விற்க வேறு ஆட்கள் முளைத்தார்கள். இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தியின் முதலீட்டு நிறுவனமான கேட்டமரானும் அமேசானும் சேர்ந்து 2014-ல் தொடங்கிய கூட்டு நிறுவனத்தின் கீழ் வந்தது கிளவுட்டெயில். அன்று அமேசான் இந்தியாவின் பெரிய விற்பனையாளர் அதுதான். ஃபிளிப்கார்ட் பக்கத்தில் டபிள்யூ.எஸ். ரீட்டெய்ல். சந்தைக்காரரே பெரிய கடையையும் பின்னால் இருந்து நடத்துகிறார் என்று வணிகர்கள் கூச்சல் போட்டது சும்மா இல்லை.

2018 மே 9. கர்நாடகத் தேர்தல் வாக்குப்பதிவுக்கு மூன்று நாள். மோடியும் ராகுலும் மாநிலத்தைச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில், வால்மார்ட் தலைவர் டக் மெக்மில்லன் பெங்களூரில் ஃபிளிப்கார்ட் ஊழியர்கள் முன் நின்றார். 1,600 கோடி டாலருக்கு, அதாவது ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேலே கொடுத்து, ஏறத்தாழ 77 சதவீதப் பங்கை வால்மார்ட் வாங்கியது. சச்சின் பன்சால் தன் பங்கை விற்று வெளியேறினார். ஒரு கடைக் கதவைத் திறப்பதற்காக நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு வரை போன விஷயம், கதவே இல்லாத ஒரு கடை கைமாறியபோது காம்பெடிஷன் கமிஷன் ஒப்புதலோடு முடிந்தது. சுதேசி ஜாக்ரண் மஞ்ச் பிரதமருக்குக் கடிதம் எழுதியது. வணிகர் கூட்டமைப்பு செப்டம்பர் 28-ல் கடையடைப்பு நடத்தியது. கல் எறிய யாரும் கிளம்பவில்லை. 2020-ல் வால்மார்ட்டின் மொத்த விற்பனைக் கிடங்குகளும் ஃபிளிப்கார்ட்டின் கீழ் வந்தன. அமிர்தசரஸில் ஆரம்பித்த பயணம் பெங்களூரில் வந்து அடைக்கலமானது.

டெல்லி சும்மா இருக்கவில்லை. 2018 டிசம்பர் 26-ல் வந்த அறிவிப்பு, சந்தை நடத்துகிறவர் பங்கு வைத்திருக்கும் விற்பனையாளர் அந்தச் சந்தையிலேயே விற்கக் கூடாது என்றது. அதுவும் பொதுத்தேர்தலுக்குச் சில மாதம் முன்பு; கடைக்காரர்களின் ஓட்டு யாருடையது என்பது பா.ஜ.க.வுக்கு நன்றாகவே தெரியும். 2020 ஜனவரியில் பெசோஸ் மறுபடி வந்து நூறு கோடி டாலர் தருகிறேன் என்றபோது, அதில் நமக்கு ஒன்றும் பெரிய உபகாரம் இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னார் வர்த்தக மந்திரி பியூஷ் கோயல். கிளவுட்டெயில் 2022-ல் மூடப்பட்டது.

சரக்கு வைத்து விற்கும் உரிமை மட்டும் அதன்பிறகும் பேரம் பேசப்பட்டது. 2025-ல் இந்திய-அமெரிக்க வர்த்தகப் பேச்சில் அமேசானுக்கும் வால்மார்ட்டுக்கும் முழுக் கதவையும் திறந்துவிடச் சொல்லி வாஷிங்டன் அழுத்துவதாக ஏப்ரலில் செய்தி வந்தது. மே மாதம், அமெரிக்காவின் இறக்குமதி வரியால் விலை ஏறும் என்று சொன்ன அதே வால்மார்ட்டை, வரியை நீயே விழுங்கிக்கொள் என்று டிரம்ப் அதட்டினார். ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி விழுந்தது. ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அமெரிக்காவுக்கு அனுப்பும் திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன. 2027-க்குள் இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு ஆயிரம் கோடி டாலருக்குச் சரக்கு எடுப்பேன் என்று 2020-ல் அறிவித்திருந்த வால்மார்ட், வாங்குகிறவராக அந்த வரியைச் சுமந்தது. விற்கிறவராக, அந்த வரியைக் காட்டி நடந்த பேரத்தில் லாபம் வரவேண்டியதும் அதற்குத்தான்.

2003-ல் யஷ்வந்த்பூரில் ஜெர்மானியர்கள் திறந்த மெட்ரோ கிடங்கும், அதை எதிர்த்த மண்டி வியாபாரிகளும் அடுத்த வாரம்.

(தொடரும்)