பெயரில்லாத மாத்திரை

தீட்டு, தூரம், விலக்கு. மாதவிடாய்க்குத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. எல்லாமே பெண்ணை எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றியவை. புறநானூறு 299ஆம் பாடலில் பொன்முடியார், முருகன் கோட்டத்தில் பாத்திரங்களைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும் பெண்களை, களத்தில் பின்வாங்கி நிற்கும் குதிரைகளுக்கு உவமையாக்குகிறார். பாடியவர் பெண்தான். ஆனாலும் ஒதுக்கம் இருக்கிறது, வலி இல்லை.

மருத்துவமும் இவ்வலியை நெடுங்காலம் மனக்கோளாறு என்றே தள்ளிவிட்டது. 1957இல் பிக்கிள்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், மாதவிடாய்ப் போக்கில் தசையைச் சுருங்கவைக்கும் பொருள் இருப்பதைக் காட்டினார். அது புரோஸ்டகிளாண்டின் என்று பின்னர் தெளிவானது. கருப்பையின் உட்சுவர் உதிரும்போது இது பெருகித் தசையை இறுக்குகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, வலிக்கிறது. இபுபுரூஃபென், மெஃபனாமிக் அமிலம் ஆகியவை இது உருவாவதையே தடுக்கின்றன. அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திராமல் வலி தொடங்கும்போதே, சாப்பிட்டபின் போட வேண்டும். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கேட்க விட்டால்தானே? 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிலில் உள்ள சுமார் 100 பெண்களிடம் பேசியது. வலி என்றவர்களுக்கு வேலையிடத்தில் கிடைத்தது பெயரில்லாத மாத்திரை. பாதிக்கு மேற்பட்டோர் உடல்நலம் கெட்டதாகச் சொன்னார்கள்.

அது துணி. நம் பக்கம் தோல். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் அப்பர் தைக்கும் வரிசைகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். என் மாணவிகள் பலருடைய அம்மாக்கள். மணிக்கு இத்தனை ஜோடி என்ற டார்கெட்டுக்கு நடுவே ஒருத்தி எழுந்து போனால் அவள் மேசையில் வேலை குவியும். வெந்நீர்ப் பை நல்ல வைத்தியம்தான். தையல் மெஷின் முன்னால் அதை எங்கே வைப்பது?

ஆண் மருத்துவர் தொடக் கூடாதென்ற வழக்கத்தால் பிரசவத்தில் பெண்கள் சாவதைப் பார்த்த ஐடா ஸ்கடர், 1918இல் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரச் சொச்சம். மாதாமாதம் மாத்திரைக்கும் அடங்காத வலி என்றால் எண்டோமெட்ரியோசிஸா, நார்க்கட்டியா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு முழு நாள் வேண்டும். பீகாரில் 1992 முதல் அரசு ஊழியப் பெண்களுக்கு மாதம் 2 நாள் விடுப்பு உண்டு. இங்கே ஷூ தைப்பவளுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை.