நைலான் தூண்டில் நரம்பு

தூண்டில் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கோலும் முள்ளும் இரையுமே. கோலையும் முள்ளையும் இணைக்கின்ற இழையை நாம் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், சிக்கிய மீன் கரைக்கு வருவதும் அறுத்துக்கொண்டு ஓடுவதும் அவ்விழையின் தரத்தையே பொறுத்தவை. இன்று நம் ஊர்க் கடைகளில் ‘நரம்பு’ என்ற பெயரால் விற்கப்படுவதும், இலங்கைத் தமிழர் ‘தங்கூசி’ என்று வழங்குவதுமான ஒற்றையிழை நைலானின் வரலாற்றைப் பற்றிச் சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

நைலான் தோன்றுவதற்கு முன்னர், மனிதன் தூண்டில் இழைக்கு விலங்குகளையும் செடிகளையுமே நாடினான். குதிரைவால் மயிர், ஆளிச்செடியின் நார், பட்டு நூல் ஆகியவை ஐரோப்பாவில் நெடுங்காலம் பயன்பட்டன. மயிர் நீளத்தில் குறைந்தது. பலவற்றை முறுக்கி, முடிந்து நீட்டவேண்டும். நாரும் பட்டும் நீரை உறிஞ்சும். ஈரம் உலராவிடில் மக்கிப்போகும். ஆதலால், மீன் பிடித்து வீடு திரும்பியவர் களைப்பாறும் முன்பே இழையை உருளையிலிருந்து அவிழ்த்து உலர்த்த வேண்டியிருந்தது.

முள்ளுக்கு அருகில் வரும் பகுதி மீனின் கண்ணுக்கு எளிதில் புலப்படாததாக இருத்தல் வேண்டும். அதற்கென ஸ்பெயின் நாட்டின் மூர்சியாப் பகுதியில் ஒரு தனித்தொழிலே நடைபெற்றது. கூடு கட்டும் பருவத்தை அடைந்த பட்டுப்புழுவைக் காடியில் ஊறவைப்பார்கள். பின்னர் அதன் உடலைப் பிளந்து, பட்டுச் சுரப்பியை வெளியே எடுத்து, இரு முனைகளையும் பற்றி இழுத்து நீட்டி உலர்த்துவார்கள். ‘குடல்’ என்று அதற்குப் பெயர் வழங்கினாலும், உண்மையில் அது சுரப்பியே. பளபளப்பும் வலிவும் உடைய அவ்விழை பெரும்பாலும் ஒரு முழத்துக்கு மேல் நீளாது. உலர்ந்தால் முறிந்துவிடும் என்பதால், பயன்படுத்துமுன் நீரில் நனைத்து இளக்கவேண்டும். ஒரு முழ இழைக்காக ஓர் உயிர் போயிற்று.

இந்நிலையை மாற்றிய ஆராய்ச்சி அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்தது. அங்கே வாலஸ் கரோதர்ஸ் என்னும் வேதியியலறிஞர், சிறிய மூலக்கூறுகளைச் சங்கிலிபோல் கோத்து மிக நீண்ட மூலக்கூறுகளை ஆக்கும் வழியை ஆராய்ந்தார். 1930இல் அவருடைய குழுவைச் சேர்ந்த ஜூலியன் ஹில், உருகிய பொருளொன்றிலிருந்து இழை எடுத்தார். குளிர்ந்த பின்னர் அதனை இழுத்தபோது அது பன்மடங்கு நீண்டதோடு, முன்னினும் உறுதி பெற்றது. தாறுமாறாகக் கிடந்த மூலக்கூறுகள் இழுப்பினால் ஒரே திசையில் அணிவகுத்ததே இதற்குக் காரணம். எனினும் அப்பொருள் குறைந்த வெப்பத்திலேயே உருகியமையால், நடைமுறைக்கு உதவவில்லை.

ஆராய்ச்சி தொடர்ந்தது. 1935 பிப்ரவரி 28 அன்று, ஹெக்சாமெத்திலீன் டையமீனும் அடிப்பிக் அமிலமும் சேர்ந்த புதிய பொருள் உருவாயிற்று. இரண்டிலும் ஆறு ஆறு கார்பன் அணுக்கள் உண்டு. ஆகவே அதனை நைலான் 66 என்பர். நெடுநாள் மனச்சோர்வினால் வாடிய கரோதர்ஸ், 1937 ஏப்ரலில் தம் 41ஆம் வயதில் மறைந்தார். தம் கண்டுபிடிப்பு கடைக்கு வந்ததை அவர் காணவில்லை. 1938இல் நைலான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. முதலில் அது பல் துலக்கும் தூரிகையின் மயிராகவும், 1939இல் தூண்டில் இழையாகவும் விற்பனைக்கு வந்தது. பெரும்போர்க் காலத்தில் நைலான் பாராசூட்டுகளுக்கும் கயிறுகளுக்கும் திருப்பப்பட்டது.

ஒற்றையிழை செய்யும் முறை எளிது. உருகிய நைலானை நுண்துளை வழியே பிதுக்கி, நீரில் குளிரச்செய்து, மீண்டும் இழுத்து நீட்டுவார்கள். பல நூல்களை முறுக்க வேண்டியதில்லை. வேண்டிய நீளத்துக்கு முடிச்சின்றிக் கிடைக்கும். அது மக்காது, உலர்த்தும் வேலையும் இல்லை. ஒளி ஊடுருவுவதால் நீரில் எளிதில் புலப்படாது. மீன் வெட்டி இழுக்கும்போது சற்றே நீண்டு கொடுத்து, அறுந்துபோகாமல் அதிர்ச்சியைத் தாங்கும்.

குறைகளும் உண்டு. தொடக்கத்தில் வந்த இழை கம்பிபோல் விறைப்பாக இருந்தது. 1950களின் இறுதியில் மென்மையான வகைகள் வந்த பின்னரே அது பரவலாயிற்று. நைலானும் சிறிது நீரை உறிஞ்சி வலிவு குறையும். நாள்பட்ட வெயிலில் நலியும். முடிச்சை உலர்ந்தபடியே இறுக்கினால் உராய்வின் சூட்டில் இழை கெடும். அனுபவமுள்ளோர் அதனை நனைத்த பின்னரே இறுக்குவர்.

மாணவர்கள் சிந்திக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. நைலானின் தலைசிறந்த குணம் மக்காமை. அதுவே அதன் பெருந்தீங்கும் ஆகும். பட்டும் நாரும் நீரில் தொலைந்தால் நாளடைவில் அழிந்தன. அறுந்துபோன நைலானோ, கைவிட்டவர் மறந்த பின்னும் நெடுங்காலம் கிடந்து, ஆமையின் காலையும் பறவையின் சிறகையும் பிணிக்கிறது. தொலைந்த வலை ஆளில்லாமலே மீன்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. இலங்கையில் தங்கூசி வலைகள் தடைசெய்யப்பட்டிருப்பதும் மீன்வளத்தைக் காக்கும் நோக்கினாலேயே ஆகும்.

பழைய தூண்டிற்காரர் தம் இழை மக்காதிருக்க நாள்தோறும் உழைத்தார். அவ்வுழைப்பிலிருந்து நம்மை விடுவித்த விஞ்ஞானம், அதற்கீடாக வேறொரு கடமையை நம்மிடம் ஒப்படைத்திருக்கிறது. அறுந்த இழையை, ஒரு சாண் அளவே ஆயினும், நீரில் எறியாது சுருட்டிக் கரைக்குக் கொண்டுவருதலே அக்கடமை. நைலானைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் அதனை உணர்தல் வேண்டும்.