மதகு மூடினதுக்கு அப்புறம்

மாசி பாதி தாண்டியாச்சு. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்"னு எங்க பாட்டி சொல்லும். காலைல வயல் வரப்புல நடந்தா வேட்டி முழங்கால் வரைக்கும் நனைஞ்சிடுது. சென்னையிலேர்ந்து வந்த அக்கா மகன் கேட்டான்: "பொங்கல்தான் முடிஞ்சிருச்சே மாமா, இப்ப ஊர்ல என்ன இருக்கு?" அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதறேன்.

மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். தொல்காப்பியம் இதைப் பிரிவைச் சொல்லும் பாலைத் திணைக்கு, வேனிலோடு சேர்த்துக் கொடுத்திருக்கு. எங்க டெல்டாவுல மாசி அப்படி இல்லை. அறுப்பு முடிஞ்சு, கையில கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் நேரமும் இருக்கற மாசம் இது.

அந்த நேரம் தானா வந்ததில்லை. மேட்டூர் அணை 1934ல திறந்தாங்க. உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஜூன் 12ல திறந்து ஜனவரி 28ல மூடறதுன்னு ஒரு வழக்கம் வந்துச்சு. தண்ணி இல்லாத வருஷம் தேதி தள்ளிப் போகும், அது வேற கதை. ஆனா எங்க ஊருக்குப் பஞ்சாங்கம் மாதிரி ஆகிப்போனது அந்த ரெண்டு தேதியும்தான். மதகு மூடினதும் வாய்க்கால் மெல்ல வத்தும். பள்ளத்துல மட்டும் தண்ணி நிக்கும். பசங்க ஊத்தாவைத் தூக்கிட்டு இறங்குவானுங்க. கெண்டை, கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தா ஒரு விரால். அப்பதான் மாமரத்துல பிஞ்சு விட்டிருக்கும். அந்தப் பிஞ்சைப் போட்டு வச்ச மீன் குழம்பு மறுநாள் காலைலதான் ருசி. பனிக்குளிருக்குப் பழைய சோறா என்று கேட்காதீங்க, தின்னு பாத்தவங்களுக்குத் தெரியும்.

எனக்குப் பெரிய சந்தோஷம் உளுந்துதான். சம்பா அறுக்க ஒரு வாரம், பத்து நாள் இருக்கறப்பவே, மண்ணு மெழுகு பதத்துல இருக்கும்போது, நிக்கற நெல்லுக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளிச்சிடுவோம். ஏக்கருக்குப் பத்துப் பன்னண்டு கிலோ. உழவு இல்லை, உரம் இல்லை. நெல்லை அறுத்து எடுத்ததும் தாளுக்கு நடுவுல ரெண்டு இலையோட நிக்கும். மிச்ச ஈரத்தையும் பனியையும் குடிச்சே எழுபது நாள்ல காய்ஞ்சு கைக்கு வரும். பறிக்க வர்றவங்களுக்குப் பறிச்சதுல ஒரு பங்கு கூலி.

1960கள்ல ஆடுதுறை 27 நெல் வந்துச்சு. குறுகிய கால ரகம். குறுவையும் தாளடியும்னு ரெண்டு போகம் பரவின இடத்துல அறுப்பே மாசிக்குத் தள்ளிப் போச்சு. சும்மா உக்காந்து வெயில் காயற நாள் குறைஞ்சுது, களஞ்சியம் நிறைஞ்சுது. அதைக் குறை சொல்ல மாட்டேன். அதுக்கப்புறம் வந்த அறுப்பு மெஷின்தான் உளுந்துக்கு எமன். சங்கிலிச் சக்கரம் ஏறினா முளைச்சது நசுங்கிடும். தப்பினது மேல வைக்கோல் மூடிக்கும். நிறையப் பேர் தெளிக்கறதையே விட்டுட்டாங்க.

அதுக்காக அறுவாள் காலம் பொற்காலம்னு எழுத எனக்கு மனசு வராது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட தகராறுலதான் 1968 டிசம்பர் 25ல கீழவெண்மணியில 44 பேர் தீயில செத்தாங்க. வரப்புல நின்னு பனியை ரசிச்சவங்க யாரு, அந்தப் பனியில குனிஞ்சு அறுத்தவங்க யாருன்னு கேட்டா, எங்க குடும்பம் எந்தப் பக்கம் நின்னுதுன்னு எனக்கே தெரியும்.

இந்த வருஷம் வீட்டை ஒட்டின முக்கால் ஏக்கரை மட்டும் ஆள் வச்சு அறுத்தோம். கேட்ட கூலியைக் கொடுத்தோம். மெஷினுக்கு ஆனதைவிட அதிகம். தம்பி கணக்கு நோட்டைத் தூக்கிக் காட்டிட்டுப் போனான். அந்த முக்கால் ஏக்கர்லதான் இப்ப உளுந்தும் பயறும் காய் பிடிச்சு நிக்குது. அக்கா மகன் பயத்தங்காயை ஒரு கை பறிச்சு, பனி ஈரத்தோட உரிச்சு வாயில போட்டான். அப்புறம் இன்னொரு கை பறிச்சான்.