பொட்டியும் டிவியும் பிரிஞ்ச கதை

வீட்டுல ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கு, ஒரு டிவி இருக்கு. அதுல இருக்கிற படத்தை இதுல பார்க்கணும். ரெண்டுமே திரைதானே, ஒரு ஒயரைக் கோத்தா வேலை முடிஞ்சுதுன்னுதான் யாருக்கும் தோணும். ஆனா அந்த ஒரு ஒயருக்காக ஜனங்க வருஷக்கணக்கா கடை கடையா அலைஞ்சிருக்காங்க. ஏன்னு தோண்டினப்போ கிடைச்ச கதை இது. நடுவுல கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும், பொறுத்துக்கோங்க மக்களே.

வேடிக்கை என்னன்னா, வீட்டுக் கணினி பிறந்ததே டிவியோட ஒட்டித்தான். 1977-ல் வந்த ஆப்பிள் 2-ல், அமெரிக்க டிவிக்கு ஏத்த கலர் சிக்னலை ஸ்டீவ் வாஸ்னியாக் போர்டிலேயே உருவாக்கியிருந்தார். ஆனா அன்னைக்கு டிவிகள்ல பெரும்பாலும் ஆன்டெனா சொருகுற ஓட்டை மட்டும்தான். அதுவழியா அனுப்ப ஆர்எஃப் மாடுலேட்டர்னு ஒரு குட்டிப் பெட்டி வேணும். அதைக் கூடவே வெச்சு வித்தா, அலைக் குறுக்கீடு பத்தின அமெரிக்க அரசு விதிகள்ல மாட்டிக்கணும். அதனால ஆப்பிள் அதைத் தன் பொட்டியில வைக்கலை. மார்ட்டி ஸ்பெர்கல் என்பவரோட தனிக் கம்பெனி செஞ்சு வித்தது. பொட்டி ஒருத்தரு, ஒயர் இன்னொருத்தரு! 1982-ல் பிரிட்டனில் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமும் டிவியைத்தான் நம்பி இருந்தது, 36-ஆம் சேனலைத் திருப்பினா தெரியும். சினிமா ஓட்டுற தெம்பு இதுக எதுக்கும் கிடையாது. ஆனா டிவியோட பாஷை பேசத் தெரியும்.

பிரிவினை நடந்தது 1987-ல். அந்த வருஷம் ஐபிஎம் தன்னோட பிஎஸ்/2 கணினிகளோட விஜிஏ-வைக் கொண்டுவந்தது.

பழைய குழாய் டிவி படத்தைக் கோடு கோடா வரையும். நம்மூர் பால் முறையில ஒரு படத்துக்கு 625 கோடு, நொடிக்கு 15,625 கோடு. அதையும் முழுசா வரையாது. முதல்ல ஒற்றைப்படைக் கோடுகள், அப்புறம் இரட்டைப்படைக் கோடுகள். பத்தடி தள்ளி உக்காந்து பார்க்கிறவனுக்கு இது தெரியாது. ஒரு அடி தூரத்துல உக்காந்து பொடி எழுத்தைப் படிக்கிறவனுக்குக் கண்ணு அவிஞ்சுடும். அதனால விஜிஏ எல்லாக் கோட்டையும் ஒரே மூச்சுல வரைஞ்சது. நொடிக்குச் சுமார் 31,500 கோடு, அதாவது டிவியோட வேகத்துக்கு இரண்டு மடங்கு. என்னைக் கேட்டா ஐபிஎம் செஞ்சது சரியான முடிவுதான். ஆனா அன்னையிலிருந்து கம்ப்யூட்டர் சொல்றதை டிவியால பிடிக்க முடியலை. ஒயரை மட்டும் மாத்தினா போதாது, நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணும்.

அந்த வேலையைச் செஞ்சது டிவி என்கோடர் சிப். புரூக்ட்ரீ, குரோன்டெல் மாதிரி கம்பெனிகள் செஞ்ச இந்தச் சிப்புகள் 90-களின் பிற்பாதியில கிராஃபிக்ஸ் கார்டுகள்ல ஏறின. ஒரே ஒரு கோடு தடிமன் இருக்கிற எதுவும் டிவியில விட்டுவிட்டு மினுக்கும். அதை அடக்க மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் கலந்து குழப்பிடும். விளைவு, எழுத்தெல்லாம் பஞ்சு மாதிரி. டிவி தன் பங்குக்கு நாலு ஓரத்தையும் சட்டத்துக்குப் பின்னால தள்ளிடும், ஸ்டார்ட் பட்டனைத் தேடணும். சாஃப்ட்வேர்ல அமெரிக்க என்டிஎஸ்சி முறை தேர்வாகி இருந்தா நம்மூர் டிவியில படம் கருப்பு வெள்ளையா வரும், இல்லன்னா உருளும்.

ஆனா விசிடிக்கு மட்டும் இந்தப் பஞ்சு பொருத்தமா அமைஞ்சது. 1993-ல் தரப்படுத்தின விசிடியில பால் படத்தோட அளவே 352-க்கு 288 புள்ளிதான். மானிட்டர்ல கட்டம் கட்டமா பல்லிளிக்கிற படம், டிவியில மழமழன்னு தெரியும்.

அடுத்து வந்த டிவிடியில பிரச்சினை வேற ரகம். இனிமே தடுத்தது மின்னியல் இல்லை, அனுமதி. பூட்டுப் போட்ட டிவிடியை ஓட்டினா டிவி-அவுட்ல மேக்ரோவிஷனையும் சேர்த்து அனுப்பணும்னு நிபந்தனை. திரையில தெரியாத இடைவெளியில சில துடிப்புகளைச் செருகுவாங்க. அதைப் பார்த்து விசிஆர் குழம்பி, படத்தை இருட்டாவும் வெளிச்சமாவும் மாத்தி மாத்திப் பதியும். சரி, நகல் எடுக்கிறவனுக்குத்தானே? அதான் இல்லை. ஆன்டெனா ஓட்டை மட்டும் இருக்கிற டிவிக்காரன், விசிஆர் வழியாத்தான் கம்ப்யூட்டரைக் கோக்க முடியும். காசு கொடுத்து டிஸ்க் வாங்கி, நகலே எடுக்காதவனுக்கும் அதே தண்டனை!

இதுக்கு வந்த அழகான பதில் எக்ஸ்பாக்ஸ். 2001-ல் மைக்ரோசாஃப்ட் விட்ட விளையாட்டுப் பொட்டி. உள்ளே 733 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் பிராசசர், 64 எம்பி மெமரி, கூடவே தரமான டிவி என்கோடர். அதாவது டிவிக்குன்னே பிறந்த ஒரு பிசி. பூட்டை உடைச்சு அதுல படம் ஓட்டுற மென்பொருளை ஆர்வலர்கள் எழுதினாங்க. 2004-ல் எக்ஸ்பிஎம்சி முதல் பதிப்பு. மூல நிரலை யாரும் எடுத்துக்கலாம். ஆனா மைக்ரோசாஃப்ட் கருவிகளை வெச்சுத் தொகுத்த, ஓடுற கோப்பைப் பகிர முடியாது. நிரல் எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடிச்ச கூத்து இதுதான். 2014-ல் அதுதான் கோடி ஆச்சு. ரூபாய்க் கோடி இல்லை :-)

2002 டிசம்பர்ல எச்டிஎம்ஐ விதிமுறை வந்து பொட்டியையும் டிவியையும் மறுபடி சேர்த்து வெச்சது, எச்டிசிபிங்கிற புதுப் பூட்டோட. புளூ-ரே பிளேயர்கள்ல பழைய அனலாக் வழியை 2011-ல் குறுக்கி, 2013 முடிவோட புதுசா வர்றதுக்கு அடைச்சே விட்டாங்க. 2010-லேயே எச்டிசிபி-யோட மூலச்சாவி வெளியில வந்தாச்சுங்கிறது தனிக்கதை.

நம்மூரிலும் ஒரு சங்கதி உண்டு. தமிழக அரசு 2006-லிருந்து 14 அங்குல கலர் டிவியை இலவசமா கொடுத்தது. 2011-லிருந்து பிளஸ் டூ, கல்லூரிப் பசங்களுக்கு லேப்டாப். ரெண்டும் வந்து சேர்ந்த வீடுகள் ஏராளம். ஒண்ணு கேக்குறது மஞ்சள் பின் ஏவி, இன்னொண்ணுகிட்ட அது கிடையாது.

எங்க பாட்டி வீட்டு டிவி அந்த ரகம்தான், இன்னும் ஓடுது. காதுகுத்து விசிடியை ஃபைலா மாத்தி அப்பாவோட பழைய லேப்டாப்ல வெச்சிருந்தேன். லேப்டாப் திரை பாட்டி கண்ணுக்கு எட்டாது. ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு விஜிஏ-ஏவி மாற்றி வாங்கி, பால்-என்டிஎஸ்சி சுவிட்சைப் பால் பக்கம் தள்ளினேன். சத்தத்துக்கு ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து தனி ஒயர். படம் ஓரம் வெட்டுப்பட்டு, ஆனா கலர்ல வந்துச்சு. இப்போ இருக்கிறவங்க, இல்லாதவங்கன்னு பாட்டி ஒவ்வொருத்தர் பேரா சொல்லிக்கிட்டே வந்தாங்க. இடது ஓரத்துல பாதி வெட்டுப்பட்டு நின்ன தாத்தாவைத் தெரிஞ்சதும், "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுடா"ன்னாங்க. பிளேயர்ல படத்தைச் சுருக்கி வெச்சேன்.